சொட்டு நீலம் போட்ட திரை

வெள்ளை வேட்டியை அலசும் கடைசித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். நீலம் அழுக்கை எடுக்காது. நாள்பட்ட துணியில் ஏறியிருக்கும் மஞ்சளை அமுக்கிவிடும், அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால், நீலம் போட்ட துணி திருப்பி அனுப்பும் மொத்த வெளிச்சம் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்தே போகிறது. ஆனாலும் கண்ணுக்குப் பளிச்சென்று படுகிறது. லேசாக நீலம் ஓடிய வெள்ளையைத்தான் நாம் கூடுதல் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தச் சங்கதி டிவி தயாரிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடையில் சுவர் நிறைய வரிசையாக மாட்டிய டிவிகளில் ஒரே கிளியும் ஒரே பூவும் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து டிவியைவிட வெளிச்சமாகவும் நீலமாகவும் இருப்பதன் மேல்தான் கண் போய் நிற்கும். ஆகவே ‘விவிட்’, ‘டைனமிக்’ என்ற பெயர்களில் வரும் கடை மோடுகளில், 6,500 கெல்வினில் இருக்க வேண்டிய வெள்ளையை 10,000 கெல்வினுக்கும் மேலே ஏற்றி வைக்கிறார்கள். சொட்டு நீலம் போட்ட அந்தத் திரை அப்படியே வீட்டுக்கு வந்துவிடுகிறது. வந்த பிறகு விஷயம் தெரிந்த யாராவது ஒருவர், தொழில்முறை ஆளை வரவழைத்துக் கருவி வைத்து ‘கேலிபரேஷன்’ செய்தால்தான் போட்ட காசுக்கு முழுப் படமும் கிடைக்கும் என்கிறார். அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சில நூறு டாலர் கூலி. அந்தக் கூலி எதற்குப் போகிறது, அதில் எவ்வளவு கண்ணுக்கு வந்து சேருகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில், எதைப் பார்த்து எதைத் திருத்துகிறார்கள்? ஒரு படத்தின் நிறம் கடைசியாக முடிவாவது ஒரு மங்கலான அறையில். சென்னையில் சினிமாக்காரர்கள் டிஐ என்று சொல்லும் வேலை அங்கேதான் நடக்கிறது. தியேட்டருக்கு ஒரு கணக்கு, வீட்டுத் திரைக்கு வேறொரு கணக்கு. வீட்டுக்கான பிரதியை, நிறம் திருத்தும் கலரிஸ்ட் தன் முன்னால் இருக்கும் மானிட்டரில் பார்த்து முடிக்கும்போது, அந்த மானிட்டர் சில பொது விதிகளுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. வெள்ளை என்பது டி65, அதாவது சுமார் 6,500 கெல்வின் பகல் வெளிச்சம். நிறங்களின் எல்லை 1990-இல் வகுத்த ரெக். 709. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் வளைவு 2011-இல் எழுதிய பிடி.1886, சுருக்கமாகச் சொன்னால் 2.4 காமா. முழு வெள்ளையின் ஒளிர்வு 100 நிட். உங்கள் டிவியும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டால், கலரிஸ்ட் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். கேலிபரேஷன் செய்ய வருகிறவர் திரைக்கு முன்னால் நிற அளவியை நிறுத்தி, சாம்பல் நிறக் கட்டங்களைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சரியான விகிதத்தில் கலந்து சாயலில்லாத சாம்பல் வருகிறதா என்று பார்த்து, டிவியின் உள் மெனுவில் இருக்கும் எண்களை ஒன்று கூட்டி ஒன்று குறைத்துச் சரிசெய்கிறார். சாம்பல் நேரானால் மற்ற நிறங்களில் பாதி தானாகவே நேராகிவிடும். மீதியையும் சரிபார்த்து, அதிக வெளிச்ச வீச்சுள்ள எச்டிஆர் படங்களுக்குத் தனியாக ஒரு சுற்று போட்டு முடிக்கச் சில மணி நேரம் ஆகும். கண்துடைப்பு வேலை என்று இதைச் சொல்ல முடியாது. அளவியின் எண்கள் மாறுவது நிஜம்.

இந்தத் தொழில் பிறந்த காலத்தில் அதன் தேவையும் நிஜமாகவே இருந்தது. அமெரிக்காவில் 1950-களில் வந்த என்டிஎஸ்சி முறையில், வழியில் சிக்னல் கொஞ்சம் நெளிந்தாலே முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். அதற்காகவே டிவியில் ‘டின்ட்’ என்று ஒரு குமிழ் இருந்தது. இரண்டு தடவை ஒரே நிறம் வராது என்று என்டிஎஸ்சி என்ற எழுத்துகளுக்குப் பொறியாளர்கள் கேலியாக விரிவு சொன்னார்கள். இந்தியா 1982-இல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் பால் முறையை. அதில் அடுத்தடுத்த வரிகளில் பிழை எதிரெதிராக விழுந்து தன்னைத்தானே கழித்துக்கொள்ளும் என்பதால் நமக்கு அந்தக் குமிழின் தொல்லை இல்லாமல் போயிற்று. ஆனால் பிக்சர் டியூப் தந்த தொல்லைகள் எல்லோருக்கும் பொதுவானவை. மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை; வெள்ளை நீலமாகவே தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்; அதை மாற்ற ரிமோட்டில் வழியும் இருக்காது. 1994-இல் ஜோயல் சில்வர் அமெரிக்காவில் தொடங்கிய இமேஜிங் சயன்ஸ் ஃபவுண்டேஷன் இதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவித்தது. அவர்கள் போய்த் தொட்ட டிவிக்கும் தொடாத டிவிக்கும் வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பிறகு நடந்ததுதான் இங்கே முக்கியம். சிக்னல் டிஜிட்டலானது, டியூப் போய்ப் பேனல் வந்தது. பேனலின் சீரின்மையைக் கேமரா வைத்து அளந்து, திருத்த எண்களைச் சிப்பிலேயே எழுதி அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. ‘சினிமா’, ‘மூவி’ என்ற மோடுகள் மெனுவுக்குள் ஏறின. 2019 ஆகஸ்டில் யுஎச்டி அலையன்ஸ் அறிவித்த ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ டி65 வெள்ளையை வைத்து, கூர்மையாக்கலையும் அசைவை வழவழப்பாக்கும் வேலையையும் ஒரே பொத்தானில் நிறுத்திவிடுகிறது. அந்த நாளில் வீட்டுக்கு வந்த ஆள் செய்த வேலையின் பெரும்பகுதியை இன்று ரிமோட் செய்கிறது. அதுவும் கூலி கேட்காமல்.

பெரும்பகுதி என்றால் எவ்வளவு? நிறப் பிழையை அளக்க ‘டெல்டா ஈ’ என்று ஓர் அலகு உண்டு. இரண்டு நிறங்கள் எவ்வளவு விலகினால் கண் அதைப் பிடிக்கும் என்ற கேள்வியிலிருந்து வந்தது இது. அமெரிக்காவில் டேவிட் மெக்காடம் 1942-இல் ஒரே ஒருவரின் கண்ணை வைத்து 25,000-க்கும் மேற்பட்ட முறை நிறம் பொருத்திப் பார்க்கச் செய்து, கண்ணின் இந்தப் பொறுமை எல்லைகளை வரைந்தார். (அந்த ஒருவரின் பொறுமைக்கு அலகு இல்லை.) இன்றைய சூத்திரங்களில் டெல்டா ஈ 1 என்றால், இரண்டு கட்டங்களை ஒட்டி வைத்து உற்றுப் பார்த்தால் மட்டும் மெல்லப் புலப்படும் வித்தியாசம். 3-க்குக் கீழே இருந்தால் ஓடும் படத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். கடை மோடில் இருக்கும் டிவியில் இந்த எண் இரட்டை இலக்கத்துக்குப் போவது சாதாரணம். அதே டிவியைச் சினிமா மோடுக்கு மாற்றினால், நடுத்தர விலைக்கு மேல் உள்ள பல மாடல்களில் சராசரி 3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்துவிடுகிறது. கருவி வைத்துத் திருத்தினால் 1-க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். ஆக, முதல் தாவல் பெரிய பள்ளத்தைத் தாண்டுகிறது, இரண்டாவது வாசற்படியை. கேலிபரேஷனுக்கு முன், பின் என்று காட்டும் படங்களில் ‘முன்’ என்பது பெரும்பாலும் கடை மோடாகவே இருப்பது தற்செயல் ஆகாது. சினிமா மோடுக்கும் திருத்திய படத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் காட்டினால், பார்க்கிறவர் எது முன், எது பின் என்று கேட்டுவிடுவார்.

மோடைத் தவிர நாமே செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு. மெனுவில் உள்ள பெயர்கள்தான் ஆளைக் குழப்பும். ‘பிரைட்னஸ்’ என்பது பல டிவிகளில் வெளிச்சத்தைத் தொடுவதே இல்லை. கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. திரையின் வெளிச்சம் ‘பேக்லைட்’ அல்லது ‘ஓலெட் லைட்’ என்ற இன்னொரு பெயரில் இருக்கும். சோனி டிவிகளில் பிரைட்னஸ் என்றால் வெளிச்சமேதான், கறுப்புக்கு ‘பிளாக் லெவல்’ என்று தனி வரி. 8 பிட் வீடியோவில் கறுப்பு என்பது 0 கிடையாது, 16, வெள்ளை 235. சோதனைப் படங்களில் 16-ஐவிடக் கொஞ்சம் கீழே ஒரு பட்டை, கொஞ்சம் மேலே ஒரு பட்டை இருக்கும். கீழ்ப்பட்டை மறையவும் மேல்பட்டை மங்கலாகத் தெரியவும் வைத்தால் கறுப்பு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை, கருவி வேண்டாம். ‘ஷார்ப்னஸ்’ அதிகமானால் படத்தில் இல்லாத வெள்ளைக் கோடு ஒன்று முகத்தைச் சுற்றி ஓடும். அதைக் குறைக்க வேண்டும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுநடுவே டிவி தானாகப் பிரேம்களைச் செய்து செருகுவதால்தான் பெரிய படமும் சீரியல் மாதிரி தெரிகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டு ஒரு காணொளியே வெளியிட்டார்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் ‘எகோ’ மோட், திரையை நினைத்தபோது மங்கவைக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விடப் படத்தை அதிகம் கெடுக்கும் ஒன்று டிவிக்கு வெளியே இருக்கிறது. 2019 ஏப்ரல் 28 அன்று ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் அத்தியாயம் வெளியானபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் கிளம்பியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் சொன்ன பதில்களில் ஒன்று, பலர் டிவியைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை என்பது. இன்னொன்று, வெளிச்சமான அறையில் இரவுக் காட்சி எடுபடாது என்பது. ஒளிபரப்பின்போது படத்தைச் சுருக்கிய விதத்தையும் அவர் குறை சொன்னார். அறை வெளிச்சத்தைப் பற்றி அவர் சொன்னதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முழு வெள்ளை 100 நிட் என்றால், 2.4 காமா வளைவில் 10 சதவீத சிக்னல் திரையில் வெறும் 0.4 நிட்டாக வரும். 5 சதவீத சிக்னல் 0.08 நிட்டைக்கூட எட்டாது. இரவுக் காட்சியின் உயிரெல்லாம் இந்த எண்களுக்குள்தான் கிடக்கிறது. இப்போது டியூப்லைட் எரியும் கூடத்தில் திரைமேல் 100 லக்ஸ் வெளிச்சம் விழுவதாகவும், அதில் ஒரே ஒரு சதவீதத்தைத் திரை சிதறடித்துத் திருப்பி அனுப்புவதாகவும் கொள்வோம். அது 0.3 நிட்டுக்கு மேல். திரையின் கறுப்புமேல் எப்போதும் இந்த வெளிச்சம் பூசிக்கொண்டிருக்கும்போது, 0.08 நிட்டில் பதுங்கியிருக்கும் குதிரையும் மனிதனும் எங்கே தெரிவார்கள்? நிழல் பகுதியில் காமா 2.38-ஆக இருக்கிறதா 2.40-ஆக இருக்கிறதா என்று அளந்து திருத்தக் கூலி கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்தால் அந்தத் திருத்தம் முழுவதும் டியூப்லைட் வெளிச்சத்தில் கரைந்துவிடும். விளக்கை அணைக்க வேண்டும், அல்லது பேக்லைட்டை ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான் இருக்கிறது.

சினிமா மோடுக்கு மாற்றியதுமே வீட்டில் எழும் முதல் ஆட்சேபம், “என்ன, படம் மஞ்சளா இருக்கு?” என்பதுதான். மஞ்சள் கொஞ்ச நேரத்துக்கு நிஜமாகவே தெரியும். கண் தனக்கு முன்னால் உள்ள வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. 10,000 கெல்வினில் பழகிய கண்ணுக்கு 6,500 பழுப்பாகத்தான் படும். இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி ஓரிரு நிமிடத்தில் மாறிவிடும். மனம் மாறத்தான் ஒரு வாரம் பிடிக்கும். இதில் ஒரு வேடிக்கை: நம் ஊர்க் கூடங்களில் எரியும் ‘கூல் டேலைட்’ டியூப்லைட்டின் அட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணும் 6,500 கெல்வின்தான். மஞ்சள் விளக்கில் வாழும் ஐரோப்பிய வீட்டைவிட நம் கூடம் டிஐ அறையின் வெள்ளைக்கு நெருக்கமானது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் ஓரத்தில் பிடித்து, திரையிலும் ஒரு வெள்ளைப் பக்கத்தை வைத்துப் பார்த்தால், எந்த மோடின் வெள்ளை தாளோடு சேருகிறது, எது நீலத்தில் தோய்ந்திருக்கிறது என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

இதே கண்ணின் பழக்கத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு வாதம் வரும்: எதற்கும் கண் பழகிக்கொள்ளும் என்றால் விவிட் மோடிலேயே விட்டுவிட வேண்டியதுதானே, அவரவர் ரசனைதானே? நீலச் சாயலைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. ஆனால் கண் ஈடுகட்டக்கூடியது படம் முழுக்கச் சமமாகப் படர்ந்த சாயலை மட்டும்தான். அழிந்துபோன விவரத்தை எந்தக் கண்ணும் திரும்பக் கொண்டுவராது. கடை மோடில் பளபளப்பைக் கூட்டுவதற்காக வெளிச்சத்தின் மேல்நுனியை நசுக்கும்போது, கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்பு எல்லாம் போய் ஒரு வெள்ளை அட்டையாகிவிடும். புடவைச் சரிகையில் இழை மறைந்து மஞ்சள் பட்டை மட்டும் நிற்கும். சிவப்பை ஏற்றியதால் மாநிற முகங்கள் காய்ச்சல் கண்டவை போல் ஆகும். உப்பு தூக்கலான குழம்பு ஒருவருக்குப் பிடிக்கலாம், அது ரசனை. குழம்பில் இருந்த காயை எடுத்து வீசிவிட்டால் அதற்குப் பெயர் ரசனை இல்லையே.

கேலிபரேஷன் செய்கிறவர்களின் வலுவான வாதம் வேறு. ஒரே மாடலில் இரண்டு டிவி வாங்கினாலும் இரண்டு பேனலும் ஒன்றாக இருக்காது, ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தே ஆக வேண்டும் என்பார்கள். முற்றிலும் சரி. சாம்பல் படிகளைத் திருத்தும் இருபது புள்ளி வெள்ளைச் சமன் எண்களை விமர்சகர் ஒருவரின் டிவியிலிருந்து நகலெடுத்துத் தன் டிவியில் போடுகிறவர், பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். மோட், ஷார்ப்னஸ் போன்றவற்றை நகலெடுக்கலாம். இந்த எண்களைக் கூடாது. ஆனால் அளவி காட்டும் சரி என்பது யாருடைய சரி? உலகின் நிற அளவிகளெல்லாம் 1931-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஏற்ற ஒரு ‘சராசரிக் கண்’ணை அடிப்படையாகக் கொண்டவை. அந்தச் சராசரி, டேவிட் ரைட் சோதித்த 10 பேரும் ஜான் கில்ட் சோதித்த 7 பேருமாகச் சேர்ந்து இங்கிலாந்தில் 17 பேர் கண்களிலிருந்து எடுத்தது. இத்தனை காலம் அது திறமையாகவே உழைத்திருக்கிறது. ஆனால் ஓலெட், குவாண்டம் டாட் திரைகளின் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒளிமாலையில் ஒடுங்கிய கீற்றுகளாக வருகின்றன. கீற்று ஒடுங்க ஒடுங்க, ஆளுக்கு ஆள் கண்ணில் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியத் தொடங்கும். பழைய டியூப் மானிட்டரோடு அளவியில் மிகச்சரியாக ஒத்துப்போன ஓலெட் மானிட்டர், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் தெரியவில்லை என்ற சிக்கல் ஸ்டூடியோக்களிலேயே வந்தது. தன் தொழில்முறை ஓலெட் மானிட்டர்களுக்கு வெள்ளைப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திவைக்கும் வழியை சோனியே பரிந்துரைக்க வேண்டியிருந்தது. வயதும் இதில் புகுந்துகொள்கிறது. கண்ணின் லென்ஸ் ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளாகி நீலத்தை வடிகட்டும். கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த பாட்டி, வானம் இவ்வளவு நீலமா என்று கேட்பது அதனால்தான். ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் திரையின் வெள்ளை வேறு வேறாகத் தெரியக்கூடும் என்கிறபோது, அந்த 17 பேரின் சராசரிக்கு டெல்டா ஈ 2-ஐ 1-ஆகக் குறைப்பதில் கிடைக்கும் லாபம் மிகவும் மெல்லியது. அது நிலைப்பதும் இல்லை. ஓலெட்டில் நீலம் மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் தளரும், எல்சிடியின் பின்விளக்கும் மூப்படையும். இன்று திருத்திய எண் சில ஆயிரம் மணி நேரத்தில் விலகத் தொடங்கிவிடும்.

எச்டிஆர் வந்த பிறகு கருவியின் கை இன்னும் குறுகிவிட்டது. 2014-இல் தரப்படுத்திய பிக்யூ வளைவு 10,000 நிட் வரைக்கும் ஒவ்வொரு சிக்னலுக்கும் இத்தனை நிட் என்று கறாராக விதிக்கிறது. வீட்டு டிவி அவ்வளவு வெளிச்சம் தராது என்பதால், தன்னால் முடியாததை எப்படி மடக்கிக் காட்டுவது என்பதை அதன் மென்பொருளே காட்சிக்குக் காட்சி தீர்மானிக்கிறது. கேலிபரேஷன் செய்ய வந்தவர் வெள்ளையை நேராக்கலாம். அந்த மடக்கும் முடிவுகளில் அவர் தலையிட இடம் சொற்பம்.

காசு கொடுப்பது நியாயமாகும் வீடுகளும் இல்லாமல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து படத்துக்கு நிறம் திருத்துகிறவருக்கு அளவி ஒரு தொழில் கருவி. தையற்காரருக்கு இஞ்ச் டேப் போல. அதில் விவாதமே கிடையாது. புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கும் நான் தாராளமாகச் செய்யச் சொல்வேன். டிவியில் ஒளி பேனலிலிருந்து நேரே கண்ணுக்கு வருகிறது. புரொஜெக்டரிலோ திரைத்துணியின் சாயல், சுவரின் பெயின்ட், எறியும் தூரம், விளக்கின் வயது எல்லாம் படத்தோடு சேர்ந்துகொள்கின்றன. சுவருக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறீர்கள் என்பது எந்தத் தொழிற்சாலைக்கும் தெரியாது. இருட்டறை ஒன்றைப் படத்துக்கென்றே ஒதுக்கி, விலை உயர்ந்த பேனலை மாட்டியவருக்கும் அந்தக் கடைசிப் படி கண்ணுக்கு எட்டலாம். மற்ற படிகளையெல்லாம் அவர் ஏற்கெனவே ஏறிவிட்டவர். ஆனால் அவரும் புது டிவி வந்த முதல் நாளே ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. சில நூறு மணி நேரம் ஓடிப் பேனல் ஒரு நிலைக்கு வரட்டும்.

மற்ற வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒரே கேள்வி, தன் கைக்கு வந்த டிவி அந்த மாடலின் சராசரியா, அல்லது அதிலிருந்து விலகிப்போன ஒன்றா என்பது. அதற்குக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போல நல்ல கருவி இல்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பொருத்தமான தேர்வு. பாட்டே இல்லாத அந்தப் படத்தில் நிழலுக்குத்தான் வேலை அதிகம். சினிமா மோடில் வைத்து, கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இருண்ட மூலை, முகத்தின் நடுச்சாம்பல், சட்டையின் வெள்ளை மூன்றையும் மாறி மாறிக் கவனித்தால் போதும். படம் முழுக்க ஒரே லேசான சாயல் இருந்தால் அது பிரதியின் குணமாக இருக்கலாம், கண்ணும் அதை மறந்துவிடும். மூன்றும் ஒரே சாம்பல் குடும்பமாக இருந்தால் பர்ஸைத் திறக்க வேண்டாம். மூலையில் பச்சையும் முகத்தில் ரோஸும் சட்டையில் நீலமும் தெரிந்தால் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் போட்டுப் பார்க்கலாம். அதிலும் அப்படியே தெரிந்தால் அந்த டிவிக்கு அளவி வைக்க வேண்டியதுதான். வாரன்டி முடியாமல் இருந்தால் முதல் போன் கம்பெனி சர்வீசுக்கு.